சிபாரிசுக் கடிதமும் மனு ரசீதும்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, அலுவலகம் விட்டு நடைமேடையைக் கடந்துகொண்டிருந்தேன். நம் சங்கத்து அன்பர் ஒருவர் எதிர்ப்பட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். சென்னையிலிருந்து அவருடைய மைத்துனர் குடும்பம் வருகிறதாம்; ஏழு பேர்; மலைக்குப் போக வேண்டும். "எம்.எல்.ஏ.யிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கித் தரக்கூடாதா, ஸார்?" என்று கேட்டார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கும் சட்டசபை அங்கத்தினருக்கும் என்ன சம்பந்தம் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. திருப்பதியில் குடியேறிய தமிழனுக்கு உறவினர் இடும் முதல் வேலையே இதுதான். நமக்கு உடம்பு சுகமா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று ஆண்டுக்கணக்கில் விசாரியாதவர்கள்கூட, "உனக்கு அங்கே யாரையாவது தெரியும் அல்லவா?" என்று தொலைபேசியில் கேட்கத் தவறுவதில்லை.

அவருக்கு நான் சொன்ன பதிலையே இம்மாதப் பக்கத்தின் தொடக்கமாக வைத்துக்கொள்கிறேன். அங்கத்தினர்கள் தம் பெயர் அச்சிட்ட தாளில் கொடுக்கும் கடிதத்தின் பேரில் தேவஸ்தானத்தார் பிரேக் தரிசனச் சீட்டு வழங்குவது உண்மையே. சீட்டுக்கு ஆளுக்கு 500 ரூபாய் கட்ட வேண்டும். ஆனால் அக்கடிதங்களுக்கு அளவு உண்டு. பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி போன்ற விசேஷ நாட்களில் அவற்றை ஏற்பதே இல்லை. 300 ரூபாய் தரிசனச் சீட்டை எவருடைய தயவுமின்றி முன்கூட்டியே தேவஸ்தானத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். சர்வ தரிசனத்துக்கு அதுவும் வேண்டுவதில்லை. இதற்கெல்லாம் மேலாக, உள்ளூர்வாசிகளுக்கு மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை தனியாகத் தரிசனம் செய்விக்கும் ஏற்பாடு 2024 டிசம்பரில் மறுபடியும் தொடங்கப்பட்டது. அதற்கு வேண்டியது கடிதமன்று. இவ்வூர் முகவரி உள்ள ஆதார் அட்டை.

"என்னுடைய ஆதார் குடியாத்தத்து முகவரியில் அல்லவா இருக்கிறது?" என்றார் அன்பர். அவர் இங்கு வந்து பதினொரு வருஷங்கள் ஆயின.

"சரி, உங்கள் எம்.எல்.ஏ. யார்?" என்று கேட்டேன். சிறிதும் தயங்காமல் குடியாத்தத்து அங்கத்தினர் பெயரைச் சொன்னார்.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு அருகதை இல்லை. நானே மூன்று வருஷத்துக்கு முன்பு வரையில் அப்படித்தான் இருந்தேன். ஆகவே அறியாதார்க்காகச் சிறிது அறிமுகம் செய்துவிடுகிறேன். ஆந்திரப் பிரதேசச் சட்டசபையில் 175 ஸ்தானங்கள் உண்டு. 2024-ஆம் வருஷத்துத் தேர்தலில் திருப்பதித் தொகுதியில் ஜனசேனைக் கட்சியின் ஆரணி ஸ்ரீனிவாசுலுவும், சித்தூர்த் தொகுதியில் தெலுங்கு தேசம் கட்சியின் குரஜால ஜகன்மோகனும் வெற்றி பெற்றார்கள். முன்னவர் 2019-இல் வேறொரு கட்சியின் சார்பில் சித்தூரிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு மாற்றலாகி வருகிறவர்கள் ரயில்வேக்காரர்கள் மட்டுமல்லர் என்பதை இதனால் அறியலாம். குப்பம் தொகுதியிலோ 1989 முதல் சந்திரபாபு நாயுடு தொடர்ந்து வென்று வருகிறார். அவர் முதன்முதலாகச் சட்டசபைக்குள் புகுந்தது 1978-இல் சந்திரகிரித் தொகுதியிலிருந்து.

இவ்வூர்ச் சட்டசபை நமக்கு ஏதோ அயல் நாட்டு விவகாரம் போலத் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1953 அக்டோபர் 1 வரையில் வேலூரும் சித்தூரும் ஒரே சென்னை ராஜ்யத்தில் இருந்தன. காட்பாடியில் ரயிலேறிச் சித்தூரில் இறங்குகிறவன் எந்த எல்லையையும் கடந்ததாக நினைத்திருக்க மாட்டான். ஆந்திர ராஜ்யம் பிறந்ததும் சட்டசபை கர்நூலில் கூடியது. 1956-இல் ஹைதராபாத்துக்குப் போயிற்று. 2017 முதல் அமராவதியை அடுத்த வெலகபூடியில் கூடுகிறது. இடையில் ம.பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், அதன் பயனாக 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் நம் பெரியோர் அறிந்த கதை. எல்லைக்கல் நட்டாகிவிட்டது. குடும்பங்கள் மட்டும் இன்றைக்கும் இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டுதான் இருக்கின்றன. போதாக்குறைக்கு, 2022 ஏப்ரல் 4-இல் சித்தூர் மாவட்டத்திலிருந்தும் நெல்லூர் மாவட்டத்திலிருந்தும் சில பகுதிகளைப் பிரித்துத் திருப்பதியைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். எந்தக் கலெக்டருக்கு மனு எழுதுவது என்று அப்போது தடுமாறியவர்களில் தெலுங்கர்களும் உண்டு.

இந்தப் பகுதியிலிருந்து போன மக்கள் பிரதிநிதி ஒருவர் நாடு முழுவதும் புகழ் பெற்றார். திருச்சானூரில் 1891-இல் பிறந்து, சித்தூரில் வக்கீலாகத் தொழில் நடத்திய மா. அனந்தசயனம் அய்யங்காரைச் சொல்லுகிறேன். 1952-இல் திருப்பதியிலிருந்தும் 1957-இல் சித்தூரிலிருந்தும் லோக் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மவலங்கர் காலமானபின் 1956-இல் அச்சபையின் சபாநாயகரானார். அவர் எம்.எல்.ஏ. அல்லர், எம்.பி. என்பது தெரியாமல் இல்லை. திருப்பதியில் தமிழரும் தெலுங்கரும் ஒருவருக்கொருவர் அந்நியர் என்று நினைக்கிற நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல பெயர் என்பதனால் சொன்னேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சட்டசபை அங்கத்தினர் என்பவர் சட்டம் செய்கிறவர். வரவு செலவுத் திட்டத்துக்கு வாக்களிக்கிறவர். மந்திரிகளைக் கேள்வி கேட்கிறவர். இது புத்தகத்தில் உள்ளபடி. நடைமுறையிலோ காலை ஏழு மணி முதல் அவர் வாசலில் நிற்கும் கூட்டத்தில் சட்டத்தைப் பற்றிப் பேச வந்தவர் ஒருவரும் இரார். சாக்கடை, குடிநீர், மகனுக்கு வேலை, மகளுக்குக் கல்லூரியில் இடம், ஆஸ்பத்திரிச் செலவு, மலைக்குக் கடிதம். இவற்றுள் சில அவரால் ஆகும்; சில அவரால் ஆகா; சில அவரிடம் போகாமலே ஆகக்கூடியவை. எது எந்த வகை என்று பிரித்தறியாமல் போவதனால் நம்மவர்கள் கால் தேய நடக்கிறார்கள்.

அவரால் ஆகக்கூடியதில் முக்கியமானது ஆஸ்பத்திரிச் செலவு. பெரிய வைத்தியச் செலவு செய்து கடன்பட்டவர்கள் முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து உதவி கேட்கும்போது, பில்களையும் சான்றுகளையும் அங்கத்தினர் அலுவலகத்தின் வழியாக அனுப்புவது வழக்கம். உதவி அனுமதிக்கப்பட்டால் காசோலையைப் பெரும்பாலும் அவரே கொண்டுவந்து கொடுக்கிறார். பத்திரிகையில் படமும் வருகிறது. படம் பிடிக்கிறார்களே என்று கூச்சப்பட வேண்டாம். நம் வரிப்பணம் நம்மிடம் வருகிறது.

அங்கத்தினர்கள் இப்போது தம் செய்திகளைத் தாமே வெளியிடுகிறார்கள். எந்த வார்டில் எந்த நாள் வருவார், எந்தச் சாலைக்குப் பூமி பூஜை, எங்கே இலவசக் கண் பரிசோதனை முகாம், எப்போது வேலைவாய்ப்பு முகாம் என்பனவெல்லாம் கைபேசியில் வந்து விழுகின்றன. தெரு முனையில் தட்டியாகவும் நிற்கின்றன. எல்லாம் தெலுங்கில். நானும் என் மனைவியும் பேச்சுத் தெலுங்கில் காய்கறிக்காரியோடு சண்டை போடுகிற அளவுக்குத் தேறியிருக்கிறோம், எழுத்து வசப்படவில்லை. என் பெண் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். இரவு சாப்பாட்டுக்குப் பின் அவள்தான் எங்களுக்கு வாசித்துக் காட்டுகிறாள். ஒரு நாள் வாசித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தி, "அப்பா, நாளை கடைசி நாள் என்று போட்டிருக்கிறது. நீங்கள் ஏன் போன வாரம் என்னிடம் காட்டவில்லை?" என்று கேட்டாள். எதற்குக் கடைசி நாள் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது. நம் வீடுகளில் பிள்ளைகளுக்குத் தெலுங்கு வருகிறதே, தமிழ் போய்விடுமே என்று கவலைப்படுகிறோம். கவலை நியாயமே. ஆனால் அந்தத் தெலுங்குதான் இன்று நம் குடும்பத்துக்குச் சர்க்கார் கதவைத் திறக்கிற சாவி. இரண்டும் வேண்டும்.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சென்ற வருஷம், இங்கு மாற்றலாகி வருமுன் நான் இருந்த ஊரில் அது நடந்தது. ஊர்ப் பெயரும் அலுவலகத்தின் பெயரும் இங்கு வேண்டாம். அங்கிருந்தவர்கள்மீது எனக்குக் குறையும் இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார்கள். ஆரணிப் பக்கத்தவர்கள். கணவர் கொத்து வேலை செய்தவர். இருபது வருஷத்துக்கு மேல் இந்தப் பாதையில் ஊர் ஊராகக் கட்டடங்கள் எழுப்பிவிட்டுக் காலமானார். பெரியம்மா மகள் வீட்டில் தங்கிவிட்டார்கள். மருமகன் ஆட்டோ ஓட்டுகிறார். தமக்கென்று மாதம் கையில் ஏதாவது வந்தால் மருமகனிடம் மாத்திரைக்குக் காசு கேட்க வேண்டாமே என்பது அவர்கள் எண்ணம். ஆந்திர சர்க்கார் விதவைகளுக்கும் முதியோருக்கும் கொடுக்கும் உதவித்தொகை 2024 ஜூலை முதல் மாதம் 4000 ரூபாய் ஆகியிருந்தது. மாதப் பிறப்பன்று வீடு தேடி வந்து கொடுக்கிறார்கள். எதிர்வீட்டு அம்மாள் வாங்குவதைப் பெரியம்மா திண்ணையிலிருந்து பார்ப்பார்கள். "தம்பி, நீ ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிறாய். எனக்கு வழி சொல்லக்கூடாதா?" என்று கேட்டார்கள்.

எனக்குப் பெருமை பிடித்துக்கொண்டது. "எம்.எல்.ஏ. கடிதம் ஒன்று வாங்கிவிட்டால் போதும், பெரியம்மா" என்று சொல்லிவிட்டேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனோம். முதல் வாரம் அங்கத்தினர் ஊரில் இல்லை. இரண்டாம் வாரம் கூட்டம் தாங்காமல் பெரியம்மாவுக்குத் தலை சுற்றியது. ஒரு சோடா வாங்கிக் கொடுத்து அழைத்து வந்தேன். மூன்றாம் வாரம் கடிதம் கிடைத்தது. அங்கிருந்த உதவியாளர் நன்றாகத் தமிழ் பேசினார், மரியாதையாகவே நடத்தினார். அந்தக் கடிதத்தைப் பெரியம்மா மஞ்சள் பையில் வைத்து, பை மேலே முந்தானையையும் போர்த்திக்கொண்டார்கள். மறுநாள் வார்டு சச்சிவாலயத்தில் அதை நீட்டினோம். 2019 அக்டோபர் 2 முதல் ஒவ்வொரு வார்டிலும் கிராமத்திலும் ஏற்பட்டிருக்கும் அலுவலகம் அது. அங்கிருந்த இளம்பெண் கடிதத்தைப் படித்துவிட்டு, "கடிதம் சரி. ரைஸ் கார்டு எங்கே? ஆதாரில் ஏன் தமிழ்நாட்டு முகவரி?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குக் கடிதத்தில் பதில் இல்லை. பெரியம்மாவின் பெயர் ஊரில் உள்ள ரேஷன் அட்டையில் இருந்தது. வாக்கும் ஊரில் இருந்தது. இந்த ராஜ்யத்தின் ஏடுகளில் அவர்கள் பெயர் எங்கும் இல்லை.

பதினான்கு வருஷமாக நான் காகிதங்களோடு வாழ்கிறவன். ஒரு தபால் வந்தால் தேதி முத்திரை குத்தி, வரவுப் பதிவேட்டில் எண் போட்டு, உரிய மேஜைக்கு அனுப்பிய பிறகுதான் அது ஒரு விஷயமாகிறது. எண் இல்லாத காகிதத்தை எவ்வளவு பெரிய மனிதர் எழுதியிருந்தாலும் அது என் மேஜையில் காற்றில் பறக்கிற தாளே. இது தெரிந்த நான், ஒரு வயதான அம்மாளை மூன்று வாரம் வெயிலில் நிற்க வைத்தேன். அங்கத்தினர் கடிதம் ஒரு மனுவை விரைவுபடுத்தலாம். மனுவே இல்லாத இடத்தில் அது எதை விரைவுபடுத்தும்?

பிறகு வரிசையாகத் தொடங்கினோம். ஆதாரில் முகவரி மாற்ற வேண்டும்; அதற்குப் பெரியம்மாவின் பெயரில் வாடகைப் பத்திரமோ மின்சார பில்லோ கிடையாது. நம்மில் பல பெற்றோருக்கு இதே நிலைதான் என்பதனால் இதைக் கவனிக்கவும்: குடும்பத் தலைவரின் ஆதாரைக் கொண்டு, அவருக்கும் தமக்கும் உள்ள உறவைக் காட்டும் சான்றோடு, அவர் சம்மதத்தின் பேரில் முகவரியை மாற்றிக்கொள்ளும் வழி 2023 முதல் இருக்கிறது. மகளை வைத்து அப்படியே செய்தோம். அடுத்தது ரேஷன் அட்டை. மகள் குடும்பத்து அட்டையில் பெரியம்மாவைச் சேர்க்க வேண்டுமானால், ஊர் அட்டையிலிருந்து பெயரை நீக்கியாக வேண்டும்.

அங்கேதான் நின்றது. "அங்கே பேரை வெட்டிவிட்டால் நான் எந்த ஊர்க்காரி, தம்பி?" என்று கேட்டார்கள் பெரியம்மா.

எனக்குப் பதில் வரவில்லை. நாலாயிரம் ரூபாய் என்று சொன்னேன். அது எனக்கே அற்பமாகப் பட்டது. அவர்கள் அந்த அட்டையை எடுத்து வந்து காட்டினார்கள். கணவர் பெயர் முதலில். அடுத்தது இவர்கள் பெயர். அவர் இறந்தும் அந்தப் பெயரை நீக்கவில்லை. "இதிலே மட்டும்தான் ரெண்டு பேரும் ஒன்றாக இருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். ஒரு மாதம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த மாதத்தில்தான் என்னைப் பற்றி நினைத்துப் பார்த்தேன். அரிசி வாங்க மட்டும் என்றால் ஊர் அட்டையை வைத்துக்கொண்டே காலம் தள்ளலாம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தின்படி, மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்த முன்னுரிமை அட்டைதாரர்கள் எந்த ராஜ்யத்திலும் தம் பங்குத் தானியத்தை வாங்கலாம். 2022 முதல் நாடு முழுதும் இது நடைமுறையில் உள்ளது. ஊர்ச் சர்க்கார் தன் கணக்கில் கொடுக்கும் பருப்பும் பாமாயிலும் மட்டும் இங்கு கிடையா. ஆனால் வாக்கு அப்படியன்று. ஒருவர் ஒரு தொகுதியில் மட்டுமே வாக்காளராக இருக்கலாம் என்பது 1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். சாதாரணமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதும் அதுவே. ஊரில் வீடு இருக்கிறது என்பது குடியிருப்பதாகாது. நம் குடும்பங்களில் பாதிக்கு மேல் இதை மீறித்தான் இருக்கிறோம். தேர்தலுக்குத் தேர்தல் ராத்திரி ரயிலில் தொங்கிக்கொண்டு போய் வாக்களித்துவிட்டு வருகிறோம். அங்கே நமக்குச் சாலை வேண்டாம், தண்ணீர் வேண்டாம். இங்கே வேண்டும், இங்கே நாம் கணக்கில் இல்லை. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வீடு வீடாக வந்து படிவம் கொடுத்தார்கள். பூட்டிய வீட்டுக்காரர்களான நம்மவர் பலருக்கு அப்போதுதான் நெஞ்சு துடித்தது.

மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்கள் 8-ஆம் எண் படிவத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். புதிதாகப் பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகளுக்கு 6-ஆம் எண். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் தேதி வயதுக் கணக்குக்குரிய தேதியாகும். சந்தேகம் தீர்க்க 1950 என்ற எண் இருக்கிறது. நான் என்னுடையதை மாற்றிவிட்டேன். என் தகப்பனாருக்கு இது பிடிக்கவில்லை. "நம் வீட்டு வாக்கு ஒன்று குறைந்துவிட்டது" என்று பங்காளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. பெரியம்மாவின் கேள்வியும் அதே கேள்விதான். ஆகவே மாற்றியே தீர வேண்டும் என்று எவரையும் நான் வற்புறுத்த மாட்டேன். மாற்றாமல் இருந்துகொண்டு இவ்வூர் அங்கத்தினர் நம்மைக் கவனிப்பதில்லை என்று சங்கக் கூட்டத்தில் மேஜையைத் தட்டுவதை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம்.

அங்கத்தினரிடம் போகாமலே ஆகக்கூடியவற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் ஊரில் திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவது போலவே சித்தூரிலும் திருப்பதியிலும் திங்கட்கிழமை குறை கேட்கிறார்கள். மனு கொடுத்ததும் பதிவு எண் கொடுப்பார்கள். கேட்டு வாங்க வேண்டும். மனு எந்த மேஜையில் இருக்கிறது என்பதை 1100 என்ற எண்ணில் விசாரிக்கலாம். 2025 ஜனவரி 30 முதல் 'மன மித்ர' என்ற பெயரில் வாட்ஸப் மூலமாகவே சான்றுகள் முதலியவற்றுக்கு மனு செய்யும் வசதியும் வந்திருக்கிறது; தொடக்கத்தில் 161 சேவைகள். வழக்கு விவகாரமானால், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும் சட்ட உதவிக்கு 15100. இவற்றுக்கு எவருடைய சிபாரிசும் தேவையில்லை.

"தெலுங்கில் எழுதத் தெரியாதே, மனு எப்படிக் கொடுப்பது?" என்று கேட்கிறவர்களுக்கு அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவைக் காட்டுகிறேன். குறை தீர்க்கக் கோரும் மனுவை, யூனியனிலோ அந்த ராஜ்யத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது அப்பிரிவு. தமிழில் எழுதிய மனுவைத் தமிழ் என்பதற்காகத் திருப்பித் தரலாகாது. ஆனால் அந்த உரிமையைக் கையில் பிடித்துக்கொண்டு, படிக்கத் தெரியாத உத்தியோகஸ்தரோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. நான் ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் தெலுங்கிலும் எழுதிவிடுகிறேன். தெலுங்குப் பக்கம் என் பெண்ணின் கையெழுத்து.

சிபாரிசுக் கடிதத்துக்காக நாம் மொய்க்கிற அங்கத்தினரிடம் உண்மையில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அதை மட்டும் நாம் கேட்பதில்லை. அது தமிழ் வகுப்பு. சிறுபான்மை மொழியாரின் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழி வழிக் கல்விக்குப் போதிய வசதி செய்துதர ஒவ்வொரு ராஜ்யமும் முயல வேண்டும் என்று 350-ஏ பிரிவு கூறுகிறது. 1956-இல் ராஜ்யங்களைப் பிரித்தபோது சேர்த்த பிரிவு அது. நம்மைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே சேர்த்தார்கள். அதற்கும் முன்னால், 1949-இல் கூடிய மாகாணக் கல்வி மந்திரிகள் மாநாட்டில், ஒரு பள்ளியில் 40 பிள்ளைகளோ ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ இருந்தால் அந்த மொழிக்கு ஆசிரியர் ஒருவரை அமர்த்துவது என்று ஒப்புக்கொண்டார்கள். இவற்றைக் கண்காணித்து ராஷ்டிரபதிக்கு அறிக்கை அனுப்ப ஒரு கமிஷனரும் 1957 முதல் உண்டு. நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் தமிழ்ப் பள்ளிகள் பழைய காலத்திலிருந்தே இருந்து வருகின்றன. குப்பத்தில் 1997-இல் நிறுவிய திராவிடப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. பட்டணத்துக்குள் சிதறிக் கிடக்கிற நமக்குத்தான் ஒன்றுமில்லை. பத்துப் பிள்ளைகள் ஒரு வகுப்பில் இருக்கிறார்கள் என்று யார் எண்ணினார்கள்? சேர்க்கும்போது தாய்மொழி என்ற கட்டத்தில் நாமே தெலுங்கு என்று எழுதிவிட்டு வருகிறோம், எதற்கு வம்பு என்று. பள்ளி திறக்கும் மாதத்தில் நான் அப்படி எழுதியதை என் பெண்ணே கண்டுபிடித்தாள்.

ஒரு வீட்டுக்காரன் போய்க் கேட்டால் இது ஆகாது. இது கடிதத்தால் ஆகிற காரியமும் அன்று. சட்டசபையில் ஒரு கேள்வியாகவோ, கல்வி அதிகாரிக்கு ஓர் உத்தரவாகவோ ஆக வேண்டியது. அங்கத்தினர் என்று ஒருவரை வைத்திருப்பதே இதற்காகத்தான். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் உள்ள பள்ளிப் பிள்ளைகளின் பெயர், வகுப்பு, பள்ளி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறேன். இவ்வூரில் வாக்கு உள்ளவர்கள் தம் அட்டை எண்ணையும் குறித்துக்கொண்டு வந்தால் மனுவின் அடியில் கையெழுத்திட வசதியாயிருக்கும். மற்றவர்களும் கையெழுத்திடலாம், தகப்பனுக்கு வாக்கு எங்கிருந்தாலும் பிள்ளை இங்கேதான் படிக்கிறது.

பெரியம்மாவின் சங்கதியைப் பாதியில் விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்து அவர்களே கூப்பிட்டு, "சரி, தம்பி, எழுது" என்றார்கள். ஊருக்குப் போய்ப் பெயர் நீக்கிய சான்று வாங்கி வந்தார்கள். பழைய அட்டையைத் திருப்பிக் கேட்டார்களா, கேட்டும் கொடுக்கவில்லையா என்று நான் விசாரிக்கவில்லை. இங்கே மகள் அட்டையில் பெயர் ஏறியது. மனு பதிவாயிற்று, ரசீதும் வந்தது. உதவித்தொகை இன்னும் அனுமதியாகவில்லை. போன வாரம் அந்த ஊர் வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். அஞ்சறைப் பெட்டியில் வெந்தய அறையைக் காலி செய்து, அதில் ரசீதை நாலாக மடித்து வைத்திருக்கிறார்கள். 1100-க்குத் தாமே பேசுகிறார்களாம். எண்ணைப் பார்க்காமல் எனக்கு ஒப்பித்துக் காட்டினார்கள், தெலுங்கில்.